ஓட்டிப் பார்த்தல்

பழைய தையல் மிஷின்களை வாங்கி விற்கும் அருளப்பன், ராசையாவின் வீட்டு மிஷினைக் குனிந்து பார்த்தான். பெல்ட் லேசாகத் தளர்ந்திருந்தாலும் சக்கரம் சிக்காமல் சுற்றியது. ஊசிக்கடியில் பாதி தைத்த ஜாக்கெட் கை ஒன்று அப்படியே கிடந்தது. ராசையாவின் மனைவி பவுனம்மாள் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

“இந்தத் துணியை எடுத்துட்டு ஓட்டிப் பாத்தாத்தான் வெலை சொல்ல முடியும்ணே.”

“எடுங்க” என்று ராசையா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அருளப்பன் நூலை அறுத்து, துணியை அவர் கையில் கொடுத்தான். தன் பையிலிருந்த துண்டுத்துணியை வைத்து மிதித்தான். தையல் பிசகாமல் ஓடியது.

“மூவாயிரம் தரலாம்ணே.”

ராசையா கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்.

“இன்னுங் கொஞ்சம் ஓட்டுங்க தம்பி.”

“பாத்தாச்சுண்ணே. நல்லாத்தான் இருக்கு.”

“தெரியும். இந்தச் சத்தத்துக்குத்தான் தெனமும் அவளை வைவேன். நிறுத்தாம ஓட்டுங்க.”

துணியில்லாமல் மிஷினை ஓட்டினால் துணியை நகர்த்தும் பல் தேய்ந்துவிடும் என்று வாங்குகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்புகிற அருளப்பன், துண்டுத்துணி தீர்ந்த பிறகும் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டிருந்தான்.