மாரீஸ்வரியின் ஹோம்வொர்க்

“வாட் வேர் யூ டூயிங் லாஸ்ட் சாட்டர்டே, ஃபைவ் ஓ கிளாக்?”

கேட்டது போலீஸ் இல்லை, பெண்டாட்டி. அதுவும் கையில் கத்தரிக்கோலோடு. சுந்தரபாண்டியனுக்குக் குடித்த டீ பாதித் தொண்டையில் நின்றது.

“என்னட்டி திடீர்னு?”

“ஹோம்வொர்க்குங்க. பாஸ்ட் கன்டினியூயஸ். வீட்ல ஒருத்தர்கிட்ட கேள்வி கேட்டு எழுதிட்டு வரணுமாம். பதிலு இங்கிலீஷ்லதான் சொல்லணும், ஆமா.”

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனதும் மாரீஸ்வரி ராஜபாளையத்திலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்திருந்தாள். கத்தரிக்கோல், அவர் காலில் இருந்த கட்டுத்துணியை வெட்டுவதற்கு.

பெருவிரல் புண் ரெண்டு மாசமாக ஆற மாட்டேன் என்கிறது. வீட்டில் கேப்பையும் குதிரைவாலியும் தவிர வேறு பேச்சே இல்லை, அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை. ‘இதுக்கு மேல ஏறுச்சுன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்’ என்று டாக்டர் சொன்னதிலிருந்து மாரீஸ்வரிக்குச் சரியான தூக்கம் கிடையாது.

புதுக் கட்டுப் போட்டு முடித்து, பேப்பரும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தாள். “சொல்லுங்க.”

“ஐ வாஸ் பிரேயிங். போதுமா?”

விரல் ஆறணும் என்று சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போய், படி ஏற முடியாததால் அடிவாரத்தில் நின்றே பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வருவதாக வீட்டில் ஏற்பாடு. பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதே இல்லை என்பதும், தேரடிப் பக்கம் ஒரு பால்கோவாக் கடை இருப்பதும் அவருக்கும் அந்தப் பெருமாளுக்கும் மட்டுமே தெரியும்.

“ஒத்த வரி போதாதாம். அந்த நேரத்துல சுத்தி என்னென்ன நடந்துக்கிட்டு இருந்துச்சு, யார் யாரு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாக, எல்லாம் வேணுமாம். அதுக்குத்தான் இந்த டென்ஸாம்.” மூடி போட்ட பேனாவால் அவர் முழங்காலில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். “மிலிட்டரியில கர்னலுக்கே ஜீப் ஓட்டினவுக. உங்களுக்குத் தெரியாத இங்கிலீஷா?”

அவ்வளவுதான், மனுஷன் காலி. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“பீப்பிள் வேர் ஸ்டாண்டிங்,” என்று ஆரம்பித்தார். அடிவாரத்தில் அப்புறம் என்ன நடக்கும்? மணி அடிக்கும். மணி அடிப்பதற்கு இங்கிலீஷில் என்ன எழவோ! வார்த்தையைத் தேடுவதா, பொய்யைத் தேடுவதா? கண்ணை மூடினார். கண்ணுக்குள் என்ன தெரிந்ததோ அதுதான் வாயில் வந்தது.

“ஃபயர் வாஸ் பர்னிங்.”

“கற்பூரமாங்க?”

“ஆங்… கற்பூரம், கற்பூரம். ஒன் மேன் வாஸ் கிண்டிங்… சே, ஸ்டிர்ரிங்.”

“பிரசாதம் கிண்டுனாகளா? சர்க்கரைப் பொங்கலா?”

“அதேதான்! மில்க் வாஸ் பாய்லிங். ஸ்மோக் வாஸ் கமிங். ஸ்மெல் வாஸ் கமிங்!”

“சூப்பருங்க! அப்ப நீங்க?”

“ஐ வாஸ் வெயிட்டிங்.” சொல்லும்போதே அவர் நாக்கில் எச்சில் ஊறியது. பால் சுண்டிச் சுண்டித் திரண்டு வரும்போது கடை மாஸ்டர் ஒரு கரண்டி எடுத்து இலைத்துண்டில் வைத்து நீட்டுவாரே, அடடா! “ஹி வாஸ் கிவிங். வெரி ஹாட். ஐ வாஸ் ப்ளோயிங். ஐ வாஸ் ஈட்டிங்!”

“தென்?”

“தென் அகெய்ன் ஐ வாஸ் ஈட்டிங்!”

சொன்ன பிறகுதான் அவருக்குத் திக்கென்றது. அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பொங்கல் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம். பெருமாளே காப்பாற்றினார் என்று மூச்சு விட்டார்.

“அம்புட்டுத்தான். கொண்டுபோயி உங்க டீச்சர்கிட்ட காட்டு, பத்துக்குப் பத்து போடுவாக.”

மாரீஸ்வரி பேப்பரைத் தூக்கிக் காட்டினாள். ஒரு எழுத்துக்கூட இல்லை. பேனா மூடியே இன்னும் கழற்றவில்லை.

“எத்தனை கரண்டிங்க?” என்றாள்.

“என்… என்னது?”

“பால்கோவாதான். வாரா வாரம் கோயிலுக்குப் போயிட்டு வாரவுக நெத்தியில ஒரு தடவையாச்சும் நாமத்தப் பாத்தேனா? உங்க விரலு போயிருமோன்னு ராத்திரியெல்லாம் நான் முழிச்சுக் கெடக்கேன், நீங்க ஊதி ஊதித் தின்னுக்கிட்டு இருந்திருக்கீக.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுந்தரபாண்டியன் கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“அப்ப அந்த ஹோம்வொர்க்கு?”

“அந்தப் பாடமெல்லாம் போன மாசமே முடிஞ்சிருச்சு.”

“இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன், போதுமா?” என்றவர், கொஞ்சம் ரோஷத்தோடு முனகினார். “சந்தேகம்னா நேராத் தமிழ்லயே கேட்டிருக்கலாம்லட்டி. எதுக்கு இம்புட்டுச் சுத்தி வளைக்கணும்?”

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள் மாரீஸ்வரி.

“தமிழ்ல கேட்டா நீங்க நல்லாப் பொய் சொல்லுவீகளே!”