ஆடிச் சீருக்கு ஒரு விமானம்

“இதுதான் சீருங்களாப்பா?”

சண்முகப்பிரியா மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

கல்யாணமாகி முதல் ஆடி. நாமகிரிப்பேட்டையில் பெண் வீட்டில் விருந்து. தட்டில் வேட்டி, சேலை, பூ, பழம் எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. பக்கத்தில் இருந்த அட்டைப் பெட்டியைத் திறந்ததும்தான் வந்தது வினை.

உள்ளே ஒரு வெள்ளை விமானம். தெர்மாகோல் மாதிரி ஏதோ ஒன்றில் செய்தது. தலைமேல் பலகையைத் தூக்கி வைத்தது போல இறக்கை. மூக்கில் சின்னதாய் ஒரு காற்றாடி.

மாப்பிள்ளை ஜெகதீஸ்வரனுக்குச் சேலத்தில் லாரி உதிரிபாகக் கடை. ஞாயிறானால் ரிமோட் ஹெலிகாப்டரோடு கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் மைதானத்துக்குப் போய்விடுவான். ஹெலிகாப்டரைத் தலைகீழாகக்கூட ஓட்டுவான். அடுத்தது விமானம்தான் என்று கொள்ளை ஆசை.

அதற்காகத்தான் பிரியா அப்பாவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். ‘மோதிரம் வேண்டாங்கப்பா, அவருக்கு இத வாங்கிக் குடுங்க.’ சாம்பல் நிறப் போர் விமானம். பறக்கும்போது சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். ஜெகதீஸ்வரன் அந்தப் படத்தைத் தினமும் ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

“தேர்க்கடையில விக்கற பொம்மையாட்டம் இருக்குதுங்க மாப்ள” என்று சிரித்தார் ரங்கன் சித்தப்பா.

“நல்லாருக்குதுங்க மாமா” என்றான் ஜெகதீஸ்வரன், மாமனாரைப் பார்த்து.

உப்பில்லாத குழம்பையும் அவன் இதே குரலில்தான் நல்லாருக்குது என்பான். பிரியாவுக்குத் தெரியாதா?

நிச்சயத்தன்று அவன் ஹெலிகாப்டரை விட்டுக் காட்டப்போய், கட்டுத்தரையில் நின்ற எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்தே மருமகன் என்றால் அப்பாவுக்கு இளக்காரம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அதை இன்று சபையிலேயே காட்டிவிட்டாரே என்று அழுகை முட்டியது.

அப்பா நாச்சிமுத்துவைக் கொல்லைப்பக்கம் மடக்கினாள்.

“நான் அனுப்புன படத்தப் பாத்தீங்களாங்கப்பா?”

“பாத்தஞ் சாமி.”

“அப்பறம் ஏனுங்க இது?”

“அது சரிப்படாது.”

“ஏரோப்ளேனப் பத்தி உங்களுக்கென்னங்க தெரியும்? மஞ்சளுந் தண்ணி பாச்சறதுந்தான் தெரியும். மனசில்லீன்னா மோதிரமே போட்டிருக்கலாமில்லீங்க. நாலு பேரு முன்னால அவரு மூஞ்சி சுண்டிப்போச்சு.”

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பொழுதோட காத்து அடங்கட்டும். மாப்ளைய ஓட்டிப் பாக்கச் சொல்லு.”

சாப்பிட்டதும் கிளம்பிவிடுவது என்று பிரியா முடிவு கட்டினாள். ஆனால் மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? எந்த விமானமானால் என்ன, விமானம் விமானம்தானே.

சாயங்காலம் உழுது போட்டிருந்த காட்டோரம் மொத்தச் சொந்தமும் கூடிவிட்டது.

விமானம் ஜம்மென்று கிளம்பியது. வட்டமடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பிரியாகூடக் கோபத்தை மறந்து அண்ணாந்து பார்த்தாள்.

அப்போதுதான் ஜெகதீஸ்வரன் அந்தக் காரியத்தைச் செய்தான். விமானத்தைத் தன் தலைக்கு மேலே கொண்டுவந்து, அங்கேயே நிறுத்தப் பார்த்தான். ஹெலிகாப்டர் நிற்கும். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. விமானமோ ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் வானத்தில் இருக்கும்.

குப்புற வந்து பொத்தென்று காட்டில் விழுந்தது.

“சோலி முடிஞ்சுது” என்றார் ரங்கன் சித்தப்பா.

ஜெகதீஸ்வரன் ஓடிப்போய் எடுத்தான். மண்ணைத் தட்டினான். இப்படியும் அப்படியும் திருப்பினான். மூக்கு லேசாக நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். மறுபடி ஏற்றினான். மறுபடி பறந்தது.

இறக்கிவிட்டு வரும்போது முகமெல்லாம் பல்.

“பிரியா, நான் ஆசப்பட்டதா இருந்தா இந்நேரம் மொறத்துலதான் அள்ளிட்டு வரோணும். மொதமொதல்ல ஓட்டறவனுக்கு இதுதான் சரி. எனக்குத்தான் புத்தியில்ல. மாமா, இத உங்களுக்கு ஆருங்க சொன்னது?”

“கடையில சொன்னாங்க மாப்ள” என்று எங்கேயோ பார்த்தார் நாச்சிமுத்து.

பிரியாவின் அம்மா வள்ளியாத்தாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“கடையில எங்க சொன்னாங்க? நீ வாடி இங்க.”

மகளின் கையைப் பிடித்துக் கிணற்று மோட்டார் ரூமுக்கு இழுத்துப் போனாள். மூலையில் இருந்த தவிட்டுச் சாக்கை அவிழ்த்துக் கொட்டினாள்.

முதலில் விழுந்தது சாம்பல் நிற இறக்கை, பாதி. அப்புறம் அந்த மடங்குகிற சக்கரம். அப்புறம் சிவப்பில் ஒரு வால், மஞ்சளில் ஒரு மூக்கு, எதனுடையது என்றே தெரியாத துண்டுகள்.

“ஏருல பூட்டி ஓட்டிப் பாக்காம உங்கப்பாரு என்னைக்காச்சும் மாடு வாங்கிருக்காரா? இதுக்கும் அதே கதைதான். ஒரு மாசமாப் பொழுதானா சோத்துக்குக்கூட வாரதில்ல.”

பிரியா திரும்பினாள். வாசலில் நாச்சிமுத்து மாட்டிக்கொண்ட முகத்தோடு நின்றிருந்தார்.

“நீ கேட்டதத்தாஞ் சாமி மொதல்ல வாங்குனேன். மேல ஏறுனதும் தென்னைமரத்துல போய் மோதிருச்சு. அப்பறம் வாங்குனதெல்லாமும் அப்படித்தான். இந்த வெள்ளை மட்டுந்தான் எத்தன வாட்டி உழுந்தாலும் ஒடையல. அதான் மாப்ளைக்கு அதே மாதிரி புதுசா ஒண்ணு வாங்கியாந்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்கப்பா.”

“என்னன்னு சொல்றது? மாமனார் வீட்டுச் சீர மாப்ள நாலு பேரு பாக்க ஒடைக்கறதுக்கு, ஆரும் பாக்காம நானே ஒடச்சுட்டாத் தேவலைன்னு இருந்துது சாமி.”