வெர்லினுக்குப் பிடிக்காத கருவிகள்

"இதுவும் வேணாம்."

வெர்லின் அந்த ஜிபிஎஸ் கருவியையும் மேஜைமேல் திருப்பி வைத்தான்.

தூண்டில் கடைக்காரி லவோன் பெருமூச்சு விட்டாள். "இதுக்கு என்னப்பா குறை? ஏரி முழுக்க வரைபடம் இருக்கு. எங்க எவ்வளவு ஆழம்னு காட்டும்."

"தொடுதிரை. கையுறையோட தொட்டா மதிக்கவே மாட்டேங்குது."

"கையுறையைக் கழட்டிட்டுத் தொடு."

"இந்தக் குளிர்லயா? விரலை யார் திருப்பித் தருவா, நீயா?"

ஆர்டிஸ் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜிபிஎஸ் வாங்காமல் இந்த வருஷம் உறைந்த ஏரிப் பனியில் கால் வைக்கக் கூடாது என்று சொன்னவள் அவள்தான். அவனும் உடனே சரி என்றான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எதிலாவது குறை சொல்லி, வெறுங்கையோடு ஏரிக்குப் போகப் பார்க்கிறான்.

வாசலில் வண்டி நின்றது. மீன் பிடிக்கப் பனியைத் துளைக்கிற இயந்திரம், வாளி, தூண்டில் எல்லாம் ஏற்றியாயிற்று.

வெளியே ஏரி ஒரு தடவை உறுமியது. பனி இறுகும்போது வருகிற சத்தம்தான். கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆர்டிஸ் மட்டும் திரும்பினாள்.

போன பிப்ரவரியில் ஒரு பிற்பகல், வெர்லின் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது. திடீரென்று காற்று எழுந்து பனியை வாரி இறைத்ததில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிப் போயின. வெர்லினின் செல்போனுக்கு அழைப்பு போகவில்லை. மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தான், வாளி நிறைய மீனும் ஒரு சிரிப்புமாக. "பனிமேல போட்ட மீன்பிடிக் குடிலுக்குள்ள அடுப்பைப் போட்டுக்கிட்டுத் தூங்கிட்டேன், ஆர்டிஸ். செல்போன் குளிர்ல செத்துப்போச்சு."

அவள் அவனிடம் சொல்லாதது ஒன்று உண்டு.

அன்று அவனைத் தேடி அவள் ஏரிக்குள் நடந்தாள். கொஞ்ச தூரத்திலேயே மூக்குக் கண்ணாடியைப் பனி மூடிவிட்டது. கழற்றினால் எதுவும் தெரியவில்லை, போட்டாலும் தெரியவில்லை. எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் ஏரி, எதுவும் புரியாமல் அவன் பெயரைக் கத்திக்கொண்டே சுற்றினாள். காலுக்கடியில் பனி முனகிக்கொண்டே இருந்தது. கடைசியில் முகத்தில் ஏதோ குத்தியது. பனிப்பாதைக்கு அடையாளமாக ஊரார் நட்டுவைத்திருந்த பழைய கிறிஸ்துமஸ் மரம். மரம் மரமாகத் தடவிக்கொண்டு கரை சேர்ந்தாள்.

வலது கையுறை எங்கோ விழுந்து, அந்தக் கை விரல்கள் குளிரில் கொப்பளித்திருந்தன. அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்றாள். அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை.

"இது?" லவோன் இன்னொன்றை நீட்டினாள்.

"எழுத்து பொடிப்பொடியா இருக்கு."

"உனக்குத்தான் கழுகுக் கண்ணாச்சே."

"கண்ணாடி இல்லாமலும் தெரியணும்."

"நீ எப்பய்யா கண்ணாடி போட்டே?"

காபிக் கெட்டில் பக்கம் நின்றிருந்த ஒருவர் சிரித்தார். "விடு லவோன். ஜிபிஎஸ் வாங்கினா அவன் மீன் பிடிக்கிற இடமெல்லாம் அதுல பதிஞ்சுடும். நாளைக்கே நாம எல்லாரும் அங்க போய் நிப்போம்ல? அந்தப் பயம்."

"உனக்கு இடத்தைக் காட்டினாலும் மீன் வராது" என்றான் வெர்லின்.

ஆர்டிஸுக்குப் பொறுக்கவில்லை. "வாங்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடு, வெர்லின். எதுக்கு இந்த நாடகம்?"

அவன் குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தான்.

"அந்த மஞ்சள் என்ன?"

"அதுவா? பழைய மாடல். செங்கல் மாதிரி இருக்கும். வரைபடம்கூடக் கிடையாது, அம்புக்குறி மட்டும்தான்."

"பொத்தான்?"

"ரெண்டே ரெண்டு. ரெண்டும் கட்டைவிரல் அகலம்."

"பெரிய பொத்தானை அமுக்கினா?"

"வீடுன்னு எந்த இடத்தைப் பதிஞ்சு வச்சியோ அந்தப் பக்கம் அம்பு காட்டும். அவ்வளவுதான். விளையாட்டுச் சாமான் மாதிரி."

"கை நடுங்கினாலும் அமுக்கலாமா?"

"முழங்கையாலகூட அமுக்கலாம்."

"பேட்டரி?"

"லித்தியம் போட்டா இந்தக் குளிரைத் தாங்கும்."

"இதைக் கொடு."

ஆர்டிஸின் குரல் உடைந்தது. "கடையிலேயே மட்டமானதைத் தேடி எடுத்திருக்கே. உன் உயிருக்கு இவ்வளவுதானா மதிப்பு?"

"என் உயிரா?" வெர்லின் அவளை வியப்போடு பார்த்தான். "காத்து கிளம்பினா நான் குடிலை விட்டு அசையவே மாட்டேன். எனக்கு எதுக்கு இது?"

கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "இதைப் போட்டுக்கிட்டு அந்தப் பொத்தானை அமுக்கிப் பாரு."

சிவப்புக் கம்பளிக் கையுறை. வலது கைக்கு உரியது. கட்டைவிரலில் நீல நூலால் அவளே தைத்த தையல்.

அவள் அந்தத் தையலைத் தடவினாள்.

மற்றவர்கள் காதில் விழாதபடி அவன் குரலைத் தாழ்த்தினான். "மார்ச்ல பனி இளகினப்ப கிடைச்சுது. பெரிய விரிசலோட ஓரத்துல. தண்ணிக்கு ரெண்டே எட்டு."

வெளியே ஏரி மறுபடி உறுமியது. இந்தத் தடவை வெர்லினும் திரும்பிப் பார்த்தான்.

"தேடி வராதேன்னா நீ கேக்கப் போறதில்ல" என்றான். "திரும்பிப் போகவாவது வழி தெரியட்டும்."