மேல்வீட்டு மூச்சு

"கேளுங்க... மறுபடி ஆரம்பிச்சிடுச்சு!"

யுன்ஷியா கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மேல்வீட்டிலிருந்து 'உஸ்ஸ்ஸ்...' என்று நீளமாக ஒரு சத்தம். யாரோ மூச்சு விடுவது போல. அப்புறம் ஏதோ பேசின் பாத்திரத்தில் 'டொக்... டொக்...' என்று தண்ணீர் சொட்டியது.

மேல்வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே தனியாக இருந்த துவான் கிழவர் கோடையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"போன குளிர்காலத்துல கேட்ட அதே சத்தங்க. அதே சாயங்கால நேரம்."

கணவன் ஹாய்போ சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

போன வருடம் அந்தச் சத்தத்துக்கு யுன்ஷியா வைத்த பெயர் திருட்டு. சீனத்தின் உறைபனி நகரமான ஹார்பினில், வீட்டைச் சூடாக்கச் சுவரோர ரேடியேட்டரில் ஓடும் வெந்நீரைப் பிடித்துக் கால் கழுவும் ஆசாமிகளுக்குப் பஞ்சமில்லை. எல்லார் வீட்டையும் சூடாக்க வேண்டிய தண்ணீர் ஒருத்தர் பேசினில் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? மாடிப்படியில் நின்று அவள் போட்ட கூச்சல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

"பச்சைக் குழந்தை இருக்கிற வீடு இது! ஊர்த் தண்ணியைத் திருடிக் கால் கழுவுறீங்களே, விளங்குவீங்களா?"

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மனுஷர். துவான் கிழவர் பேசினும் கையுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு படியில் எதிரே வந்தாலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"என்னைத் தேடித்தான் வந்திருக்காரு" என்றாள் இப்போது.

குழந்தை வெறும் பனியனோடு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். குறைமாதத்தில் பிறந்தவன். கொஞ்சம் குளிர் பட்டாலும் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்கும். நல்லவேளையாக வீடு கதகதவென்று இருந்தது. எதிர் பிளாக்கில் இந்த வருடம் பாதி வீடுகள் ஜில்லிட்டுக் கிடந்தன. இந்தப் பக்கத்துக்கு அந்தக் கவலையே வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் யோசித்ததும் இல்லை.

செத்தவர்களுக்குக் குளிரும் என்று காகிதத் துணி எரிக்கிற நாள் வந்தது. யுன்ஷியா தன் அப்பாவுக்கு ஒன்று வாங்கினாள். துவான் கிழவருக்கு அதைவிடப் பெரிதாக, தொப்பியோடு ஒரு காகிதக் கோட்டு வாங்கினாள். இருட்டுகிற நேரத்தில் முச்சந்தித் தரையில் வட்டம் போட்டு அதற்குள் வைத்து எரித்தாள்.

"பெரியவரே, குளிருதுன்னுதானே வர்றீங்க? இந்தாங்க, போட்டுக்கிட்டுப் போயிடுங்க. என் பிள்ளையை மட்டும் ஒண்ணும் செஞ்சிடாதீங்க."

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றக்கூட இல்லை. தலைக்கு மேலே 'உஸ்ஸ்ஸ்...'

மறுநாள் சாயங்காலம் மராமத்து ஆபீஸிலிருந்து குழாய் வேலை பார்க்கும் கோங்கைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கோங் அண்ணே, மேல்வீட்டு லைனை வெட்டி விட்டுடுங்க. ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு வெந்நீர்?"

"வெட்டினா முதல்ல உங்க வீடுதான் தங்கச்சி உறையும். தண்ணி உச்சி மாடிக்குப் போய்த்தான் உங்களுக்கு இறங்குது."

"உறையட்டும். பேயோட குடித்தனம் பண்ண என்னால முடியாது."

"அப்ப குழந்தை?" என்றான் ஹாய்போ.

அவள் அழ ஆரம்பித்தாள்.

துவானின் மகன் விட்டுப்போன சாவி கோங்கிடம் இருந்தது. மூன்று பேரும் மேலே போனார்கள். கதவு திறந்தது.

தரையெல்லாம் தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. ஜன்னலோரம் ரேடியேட்டர். அதன் கீழே அதே பழைய பேசின். அதில் தண்ணீர்.

'உஸ்ஸ்ஸ்...'

யுன்ஷியா அலறிக்கொண்டு கணவனின் முதுகில் ஒட்டிக்கொண்டாள். கோங் சிரித்தே விட்டார். குழாயின் உச்சியில் இருந்த, கட்டைவிரல் அளவு பித்தளைச் சாமானைத் தட்டிக் காட்டினார்.

"உங்க பேய் இதுதான். காத்தைத் தானா வெளியேத்துற வால்வு. கூடவே ரெண்டு சொட்டுத் தண்ணியும் விழும். சாயங்காலம் வெந்நீரை வேகமாத் தள்ளுறப்ப குழாயில இருக்கிற காத்தெல்லாம் மேல்வீட்டுல வந்துதான் அடைச்சுக்கும். வெளியேத்தலைன்னா தண்ணி ஓடாது. கீழ அத்தனை வீடும் ஐஸ்தான். எதிர் பிளாக்குல மேல்வீட்டுக்காரர் ஊருக்குப் போயிட்டாரு. மத்தவங்க கோட்டோட படுத்துக் கிடக்கிறாங்க."

"அப்ப போன வருஷம் கேட்ட சத்தம்?" என்றான் ஹாய்போ.

"அப்ப இந்த வால்வு இல்லை, கையால திருகணும். காத்தோட தண்ணியும் தெறிக்கும், அதைப் பேசின்ல பிடிச்சுக்கணும். பெரியவர் தினம் சாயங்காலம் செஞ்சாரு."

யுன்ஷியா பேசினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வால்வை... யாரு வெச்சது?"

"நான்தான். பனி உருகுற சமயத்துல கூப்பிட்டு அனுப்பினாரு. மூச்சு விடவே முடியலை, பாவம். 'குளிர்காலத்துக்குத்தான் இன்னும் நாள் இருக்கே, என்ன அவசரம் பெரியவரே?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'அடுத்த குளிருக்கு நான் இருக்க மாட்டேன். கீழ்வீட்டுப் பொண்ணு திருகி விடக்கூட என் வாசப்படியை மிதிக்க மாட்டா. தானாவே திறந்துக்கிற மாதிரி ஒண்ணு வெச்சிடு. அந்தப் பச்சைக் குழந்தைக்குக் குளிரக் கூடாது'ன்னாரு."