மூஞ்சூறு தின்ற தேரை

கற்பூரம் அணைத்துச் சத்தியம். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

பிள்ளையாரின் காலடியில் மூஞ்சூறு இல்லை.

சிற்பி சாப்பிடப் போகும்போது இருந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், அது இருந்த இடத்தில் ஒரு பொந்து.

சிற்பக் கொட்டகையில் காவலுக்கு இருந்தவன் அவர் மனைவியின் தம்பி துலுக்காணம் ஒருவன்தான்.

“தேரை மாமா. கல்லுக்குள்ளேர்ந்து தலைய நீட்டிச்சி. லபக்குனு முழுங்கிட்டு உள்ள பூந்துக்கிச்சி.”

அவர் அவன் மீசையைப் பார்த்தார். கல்தூசி.

சுத்தியலைப் பார்த்தார். கழுவி வைத்திருந்தது.

நட்டநடுப் பகலில் எவன் சுத்தியலைக் கழுவுவான்?

“தேரைக்கு ஏதுடா பல்லு?”

“இதுக்கு இருந்திச்சி மாமா, மொதல மாதிரி. தலை மட்டும் இம்மாம் பெருசு. முதுகு நெடுக எலும்பு ஓடு.”

அப்படி ஒன்று இருந்ததுதான். மியூசியத்தில் படம் பார்த்திருக்கிறார். கேக்கோப்ஸ் என்று பெயர். தவளைகளுக்குப் பாட்டன் முறை. டைனோசருக்கு முன்பே கரையேறி, தரையில் வேட்டையாடித் திரிந்து, பூண்டோடு அழிந்த சாதி.

துலுக்காணம் மியூசியம் பக்கமே போனவனில்லை. அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது.

சிலைக்குக் கல் எடுக்கும்போது தட்டிப் பார்ப்பது வழக்கம். மணிபோல் ஒலித்தால் எடுக்கலாம். மொத்தென்று கேட்டால் உள்ளே தேரை. சாமிக்கு ஆகாது.

இந்தக் கல்லைத் தட்டிக் கேட்டு எடுத்தவர் அவர்.

சுத்தியல் என்றால் பழி மச்சானுக்கு. தேரை என்றால் அவர் காதுக்கு. எதுவானாலும் ஒரு வருட உழைப்பு போச்சு. சிலையை எடுத்துப்போகக் கோயில்காரர்கள் வண்டியோடு கிளம்பிவிட்டார்கள்.

பொந்தில் காதை வைத்தார்.

உள்ளே யாரோ மென்றுகொண்டிருந்தார்கள்.

விரலை விட்டார்.

கடித்தது.

துலுக்காணம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி வந்து நின்றது. தர்மகர்த்தா இறங்கிச் சிலையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“மூஞ்சூறு எங்கய்யா?”

“உள்ளதாங்க இருக்கு” என்றார் அவர், விரலைத் துண்டில் சுற்றியபடி.

தர்மகர்த்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். துலுக்காணத்தின் மீசையைப் பார்த்தார். குனிந்தார். பொந்துக்குள் கையை விட்டார்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிள்ளையார் வண்டியேறினார்.

அந்தச் சிலை கருங்கல். பூமிக்கடியில் கொதித்துக் கிடந்த குழம்பு ஆறி இறுகியதுதான் கருங்கல். அதற்குள் ஒரு ஈ எறும்புகூட அகப்பட்டிருக்க வழியில்லை.