பதினெட்டாவது ஆள்

"பதினேழு," என்றார் கூட்டத் தலைவர் நார்மா.

மறுபடி எண்ணினார். மறுபடியும் பதினேழு.

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கூடத்தில் நூற்றிருபது பேர். அயோவாவில் எங்கள் கட்சி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்குச்சீட்டு கிடையாது. யார் வேண்டுமோ அவருடைய மூலையில், ஊரே பார்க்கப் போய் நிற்க வேண்டும். பதினெட்டுக்குக் குறைந்த மூலை கலைந்துவிடும்.

ஆளுநர் மூலையில் ஐம்பத்தெட்டு. மேயர் மூலையில் நாற்பத்தைந்து. மூன்றாவது வேட்பாளரான செனட்டருக்கு நாங்கள்.

எதிர்க்கட்சியோடு எங்களுக்குச் சண்டை நவம்பரில் ஒருநாள்தான். அதற்கு முன்னால் வருடம் முழுக்க எங்களையே கடித்துப் பல்லைக் கூர் செய்துகொள்வோம். மேயருக்கு அனுபவம் போதாது என்பார்கள் ஆளுநரின் ஆட்கள். ஆளுநர் காப்பீட்டுக் கம்பெனிகளின் சட்டைப்பையில் இருக்கிறார் என்பார்கள் மேயரின் ஆட்கள். செனட்டர் தேறமாட்டார் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒற்றுமை.

என் கோட்டுக்குள் ஒரு தாள் இருந்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மூடிய பிரசவப் பிரிவைத் திறக்க வேண்டும் என்ற தீர்மானம். செனட்டர் ஒருவர்தான் அதைத் தன் பேச்சில் சேர்த்தவர்.

இந்தக் கூடத்துக்கு மொத்தம் ஆறு பிரதிநிதிகள், ஆள் கணக்குப்படி மூலைகளுக்குப் பிரியும். எங்கள் மூலை நிலைத்தால் ஒரு பிரதிநிதி. மார்ச் மாதம் மாவட்ட மாநாட்டில் எழுந்து அந்தத் தாளைப் படிக்க ஒரு வாய். போன முறை, இப்போது மேயர் அணித் தலைவியாக இருக்கும் ட்வைலாவிடம் கொடுத்தனுப்பினோம். எழுபது தாளுக்கு அடியில் போய், நேரமில்லை என்று முடிந்தது.

ஏழு மணிக்குக் கதவை மூடும் முன்பே என் சட்டைப்பையில் போன் அதிர்ந்திருந்தது. படித்தேன். உள்ளே போட்டேன்.

நான் முப்பது வருடமாக மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன். மனதில் இருப்பதை முகத்தில் காட்டினால் தொழில் போயிற்று.

என் ஆட்களும் ஏனோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

"மூலை மாறப் பத்து நிமிஷம்," என்றார் நார்மா.

ரெனி எங்கள் ஆள். எட்டாம் மாதம். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எண்ணாமல் விட்டுவிடுவார்களோ என்று பயம்.

"நார்மாக்கா, இவளை ரெண்டா எண்ணிக்கக் கூடாதா?" என்றேன்.

"உள்ள இருக்கிறவர் வந்து கையெழுத்துப் போடட்டும், எண்ணிக்கிறேன்."

ஆளுநர் மூலையிலிருந்து லைல் சிரித்தான். பழைய டிராக்டர் வாங்கி விற்கிறவன். "ஏன்யா டெல்மர், நம்ம கட்சிக் கூட்டத்துல கேக்குற கேள்வியா இது? கருவையும் ஆளா எண்ணுற கட்சியோட கூட்டம் அடுத்த தெருவுல."

ட்வைலா ஒரு தட்டு பிஸ்கட்டோடு வந்தாள். "எங்ககிட்ட வந்துடுங்க. உங்க தாளை இந்தத் தடவை மேலேயே வைக்கிறேன்."

பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன், லைலுக்குக் கேட்கும்படி.

பிறகு அவனிடம் நடந்தேன். அவசரமில்லாமல்.

"என் பதினேழும் மேயர்கிட்ட போனா நீயும் அவளும் மூணுக்கு மூணு," என்றேன். "எனக்கு ஒரு ஆளைக் குடு. உனக்கு அப்பவும் மூணு, அவளுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. உன் பக்கம் நயா பைசா குறையாது."

"உன் ஆளுங்க மொத்தமா அங்க போவாங்கன்னு என்ன நிச்சயம்?"

"பிஸ்கட் நல்லாருக்கு," என்றேன்.

நிச்சயம் ஒன்றும் இல்லை. கலைந்தால் பாதிப் பேர் வீட்டுக்குப் போவார்கள். லைல் என் முகத்தைப் பார்த்தான். விலை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது கடினமான வேலை. மூடிக்கொண்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம் மீதி.

லைல் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து யாரை அனுப்பலாம் என்று விரலை எடுப்பதற்குள், அவன் மனைவி பெவ் கைப்பையை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

"பெவ், நீயா?"

"நாப்பது வருஷமா உங்க பக்கத்துலதான நிக்கிறேன். ஒரு அரை மணி நேரம் அங்க நின்னு பாக்குறேன்."

நார்மா எண்ணினார். இரண்டு முறை.

"பதினெட்டு. செனட்டருக்கு ஒரு பிரதிநிதி."

யாரும் கைதட்டவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. இதற்காக எட்டு மாதம் வெயிலிலும் பனியிலும் ஆதரவு கேட்டுக் கதவு தட்டியவர்கள்.

என்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்வார்கள். சொல்லட்டும், பிரதிநிதி கிடைத்தாயிற்று. போனை எடுத்தேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று தொடங்கினேன்.

ரெனி தன் போனை என் முன் நீட்டினாள்.

அதே செய்தி, செனட்டரிடமிருந்து. ஆறு ஐம்பதுக்கு வந்தது. 'நண்பர்களே, போட்டியிலிருந்து விலகுகிறேன். பத்திரிகைகளுக்கு எட்டு மணிக்குச் சொல்வேன். உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இனி உங்கள் விருப்பம்போல நிற்கலாம்.'

பின்னால் இன்னொரு போன் வெளியே வந்தது. இன்னொன்று. அடுத்தவர் தெரிந்துகொண்டால் போய்விடுவார் என்று பதினேழு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

செய்தி வராத ஒரே ஆள் பெவ்தான். புதிதாக வந்த வீட்டில் விசாரிப்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"நம்ம செனட்டர் இப்ப எந்த ஊர்ல பேசிட்டிருப்பாரு?"

ரெனி அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவர் வீட்டுக்குப் போயிட்டாரு," என்றாள். "அந்தத் தாளை எடுங்க டெல்மர்."