திரை போட்ட கடை

பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள கடைகளில் பழமும் சுண்டலும் முன்னால் இருக்க வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டுகள் பிள்ளைகள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும். திருப்போரூரில் இந்த விதி வந்து ஒரு மாதம் ஆகிறது. மீறினால் கடைக்கு சீல்.

சோதனைக்கு வந்த சுகாதார ஆய்வாளர் ஹரிகிருஷ்ணனுக்குச் சந்திரம்மாவின் கடையைப் பார்த்ததுமே ரத்தம் கொதித்தது. முகப்பு முழுக்கச் சிப்ஸ் தோரணம்!

"என்னம்மா இது? சீல் வைக்கட்டுமா?"

"ஐயோ சார், இந்தக் கடைய நம்பித்தான் எங்க வூட்ல அடுப்பே எரியுது!"

சிப்ஸை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீருடை மாணவிகள் இருவர் திருட்டு முழியோடு திரைக்குள் நுழைந்து, எதையோ துப்பட்டாவில் மறைத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

ஹரிகிருஷ்ணன் திரையை உற்றுப் பார்த்தார். போதைப் பாக்கா?

"உள்ளே என்ன விக்கிறே?"

"அத்த மட்டும் தொறக்காத சார். யாவாரம் படுத்துடும்!"

திரையை வெடுக்கென்று இழுத்தார். உள்ளே மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாக்காய், வெள்ளரிப் பிஞ்சு, ஒரு குண்டான் சுண்டல்.

"முன்னாடி வெச்சப்போ இத்த ஒருத்தரும் சீண்டல சார். ஒளிச்சி வெச்ச சிப்ஸுதான் பிச்சிக்கினு போச்சி. அதான் ரெண்டத்தையும் எடம் மாத்திட்டேன். இப்ப சுண்டல் பத்த மாட்டேங்குது."

ஹரிகிருஷ்ணன் திரையைப் பழையபடி இழுத்து மூடினார். வாசலுக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்கே கேட்கும்படி கத்தினார்:

"திரைக்குள்ள இருக்கிறதை எவனாவது வாங்கித் தின்னீங்க, தொலைச்சிடுவேன்!"